பனிக்கட்டியில் வந்த மிளகாய்

மிளகாய்ப்பொடியில் ஊறிய முட்டைக்கோஸ் கிம்ச்சியை மூன்றாவது தட்டும் வழித்துத் தின்றுவிட்டு, டாக்சிக்காரர் குவாக் காலித் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"முதலாளி, இன்னும் கொஞ்சம்!"

நூடுல்ஸ் கடை முதலாளி ஜேபோங் மேசையை எட்டிப் பார்த்தார். குவாக்கின் கிண்ணத்தில் நூடுல்ஸ் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது.

"அண்ணே, நீங்க நூடுல்ஸுக்கு கிம்ச்சியைத் தொட்டுக்கிறீங்களா, இல்ல கிம்ச்சிக்கு நூடுல்ஸைத் தொட்டுக்கிறீங்களா?"

"நூடுல்ஸ் எந்தக் கடையிலதான் இல்ல? எதிர்க்கடை சோக் அக்கா போடுறதும் இதே மாவுதான். உன் மாமனார் மிளகாய்க்காகத்தான்யா பஸ் ஸ்டாண்டு சவாரியை விட்டுட்டு ஓடி வர்றேன்."

மாமனார் மிளகாய் என்று காதில் விழுந்ததும் ஜேபோங்குக்கு அதன் விலைதான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் தட்டை வாங்கிக்கொண்டு போய் நிரப்பினார். நிரப்பாமல் என்ன செய்வது? கொரியாவின் சியோங்ஜு ஊர்ச் சந்தைத் தெருவில் நூடுல்ஸுக்குத்தான் விலை. கிம்ச்சி சும்மா. எத்தனை தடவை கேட்டாலும் சும்மா. கிம்ச்சிக்குக் காசு கேட்கிற கடைக்காரன் நாளைக்கு நாற்காலிக்கும் வாடகை கேட்பான் என்பது ஊரார் எண்ணம்.

இந்த வருஷம் கோடையில் விடாமல் பெய்த மழையில் மிளகாய் செடியிலேயே அழுகிப்போனது. மிளகாய்ப்பொடி விலை எகிறிவிட்டது. உள்ளூர் மிளகாய் விலை ஏறினால் வெளியூர் மிளகாய் வாங்கலாமே என்றால், சீனாவிலிருந்து வரும் காய்ந்த மிளகாய்க்கு அரசாங்கம் போட்டிருக்கும் வரியில் அதுவும் இதுவும் ஒரே விலைக்கு வந்து நின்றன. நூடுல்ஸ் விலையை ஏற்றலாம்தான். ஆனால் எதிர்க்கடை சோக் அக்கா ஏற்றவில்லை. ஜேபோங் ஏற்றட்டும் என்று அவள் காத்திருந்தாள், அவள் ஏற்றட்டும் என்று இவர் காத்திருந்தார். காலையில் எழுந்ததும் எதிர்க்கடை விலைப்பலகையை எட்டிப் பார்ப்பது இருவருக்கும் பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது.

இதெல்லாவற்றுக்கும் மேலே மாமனார் இருந்தார்.

மாமனார் பான், மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் மிளகாய் விவசாயி. சாதாரண விவசாயி இல்லை. வெளிநாட்டு மிளகாயை எதிர்த்துத் தலைநகரில் நடந்த ஊர்வலத்தில் நெற்றியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, ஒரு மூட்டை மிளகாயை நடுரோட்டில் கொட்டியவர். கேமராக்காரர்கள் போனதும் மறுபடி கூட்டி அள்ளி மூட்டையில் போட்டுக்கொண்டு வந்ததும் அவர்தான். கடை இருக்கும் கட்டடம் அவர் பெயரில் இருந்தது. கீழே கடை, மேலே வீடு. கல்யாணத்தன்றே மருமகனிடம் சொல்லிவிட்டார்: "மாப்ள, பொண்ணைக் கொடுத்துட்டேன். மிளகாயைக் கொடுக்க மாட்டேன், விப்பேன். என் கட்டடத்துக்குள்ள என்னைக்கு சீனா மிளகாய் வருதோ, அன்னைக்கு நீ உன் சூப்புப் பானையைத் தூக்கிட்டு வெளிய போயிடணும்."

அவர் சொன்னால் செய்கிற ஆள். அதுதான் பயம்.

முதலில் ஜேபோங் கிம்ச்சித் தட்டுகளை மாற்றினார். பெரிய தட்டுக்குப் பதில் சின்னத் தட்டு. அதனால் கிம்ச்சி மிச்சமாகவில்லை. முன்பு மூன்று தடவை கேட்டவர்கள் ஆறு தடவை கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஜேபோங்குக்கு முழங்கால் வீங்கியது.

அடுத்து, "இரண்டாவது தட்டிலிருந்து ஐந்நூறு வோன்" என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டினார். குவாக் அதைச் சத்தம் போட்டுப் படித்தார். எழுந்தார். கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டே தெருவைக் கடந்து சோக் அக்கா கடைக்குள் போய் உட்கார்ந்து, அவளிடம் கிம்ச்சி கேட்டார். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் கிண்ணத்தோடு கிளம்பினார்கள். கிண்ணங்களைத் திரும்ப வாங்கவே ஜேபோங் அக்காவிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று. சீட்டை அன்றே கிழித்துப் போட்டார்.

"எங்கப்பாகிட்டயே கேட்டுப் பாருங்களேன்," என்றாள் மனைவி மியோங்ஹீ. "கொஞ்சம் குறைச்சுத் தரச் சொல்லி."

"நீ கேளேன்."

"நான் கேட்டா மகள் கேட்டதா இருக்கும். நீங்க கேட்டாதானே வியாபாரம்?"

ஜேபோங் போன் செய்தார்.

"மாமா, மிளகாய்ப்பொடி விலை கொஞ்சம்..."

"ஏறியிருக்கு. தெரியும். நான்தானே ஏத்தினேன்."

"இல்ல, குடும்பத்துக்குள்ளயே..."

"குடும்பத்துக்குள்ளங்கிறதாலதான் மார்க்கெட் விலைக்கே தர்றேன். வேத்தாளா இருந்தா கூட்டி வாங்கியிருப்பேன்."

"வெளிநாட்டு மிளகாய் மேல வரி மட்டும் இல்லேன்னா விலை இறங்கிடும்னு சந்தையில பேசிக்கிறாங்க மாமா."

போனில் மாமனார் குரல் உயர்ந்தது.

"மாப்ள, அரசாங்கம் எதுக்கு வரி போட்டிருக்கு? நம்மளக் காப்பாத்த!"

"நம்மளன்னா யாரை மாமா?"

"விவசாயியை!"

"நான் விவசாயி இல்லையே."

"விவசாயி வீட்டு மருமகன்டா நீ!"

போனை வைத்த பிறகும் ஜேபோங் வெகுநேரம் யோசித்தார். வரி தன்னைக் காப்பாற்றுகிறதா, அல்லது தன்னிடமிருந்து மாமாவைக் காப்பாற்றுகிறதா என்பது கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை.

சந்தையில் யாரோ சொன்னார்கள் என்று மறுநாள் நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு இறக்குமதிக் குடோனுக்குப் போனார். கொளுத்தும் வெயிலில் மேனேஜர் யூக் தடித்த பனிக்கோட்டு போட்டுக்கொண்டு குளிர்பதன அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். மீசையில் பனி.

"காய்ஞ்ச மிளகாயா?" என்றார் யூக். "நூறு வோன் சரக்குக்கு இருநூத்தி எழுபது வோன் வரி. வேணுமா?"

"இருபத்தேழுன்னு யாரோ சொன்னாங்களே."

"அது உறைஞ்ச மிளகாய்க்கு."

"அது வேற சாதி மிளகாயா?"

"அதே செடி, அதே காய். பறிச்சு வெயில்ல போட்டா இருநூத்தி எழுபது. பறிச்சு ஐஸ்ல போட்டா இருபத்தேழு."

ஜேபோங் தலையைச் சொறிந்தார். "மேனேஜர் சார், வெயில் ஓசி. ஐஸுக்குத்தானே கரண்டு செலவு? ஓசியில காய்ஞ்சதுக்கு அதிக வரி, செலவு பண்ணி உறைய வெச்சதுக்குக் கம்மி வரியா?"

"சுங்கத்துல யாரும் மிளகாயைக் கடிச்சுப் பாக்கறதில்ல சார். தொட்டுப் பாப்பாங்க. சில்லுன்னு இருந்தா ஒரு ரேட்டு, கலகலன்னு இருந்தா ஒரு ரேட்டு."

"சரி, உறைஞ்சதை நான் வாங்கிட்டுப் போய்க் காய வெச்சா?"

"காஞ்சிடும்."

"அப்போ வரி?"

"அது துறைமுகத்திலேயே முடிஞ்சு போச்சே. அப்புறம் நீங்க காய வைங்க, வறுத்துத் தின்னுங்க, யாரு கேக்கப் போறா? சட்டப்படி எல்லாம் சரி. எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க."

"எல்லாரும் இப்படிப் பண்ணா, அந்த இருநூத்தி எழுபதை யாருதான் கட்டுறாங்க?"

யூக் முதல்முறையாக யோசித்தார். "யாரும் கட்டுறதில்ல. ஆனா அது இருக்கு."

ஜேபோங்குக்குத் தலை சுற்றியது. குளிர்பதன அறைக் கதவைப் பிடித்துக்கொண்டார். "போகட்டும். இந்த இருபத்தேழையாவது சீனாக்காரன்தானே கட்டுறான்? எங்க மாமா அப்படித்தான் சொல்றார்."

"சீனாக்காரன் எதுக்குக் கட்டுறான்? நான் கட்டுறேன்."

"அடப்பாவமே!"

"பாவப்படாதீங்க. அதை விலையில சேத்து உங்ககிட்ட வாங்கிடுவேன். நீங்க அதை உங்க வாடிக்கையாளர்கிட்ட வாங்கிடுங்க."

"நான் கிம்ச்சியைச் சும்மா கொடுக்கிறேனே."

யூக் பரிதாபமாகப் பார்த்தார். "அப்போ நீங்கதான் கடைசி ஆள்."

பிறகு பில் போடும்போது, "உங்க மாமான்னு சொன்னீங்களே, யாரு?" என்றார். ஜேபோங் பெயரைச் சொன்னார். யூக் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் கூரையைப் பார்த்தார்.

"தெரியுமா சார் அவரை?"

"மிளகாய்த் தொழில்ல இருந்துக்கிட்டு அவரைத் தெரியாம இருக்க முடியுமா?" என்று சொல்லி, விலையில் கொஞ்சம் கழித்தும் கொடுத்தார்.

ஜேபோங்குக்குப் பெருமையாகவும் இருந்தது, உதறலாகவும் இருந்தது. "சார், நான் இங்க வந்தது மாமா காதுக்குப் போச்சுன்னா என் குடும்பம் தெருவுல நிக்கும்."

"வாடிக்கையாளர் பேரை நான் வெளிய சொல்றதே இல்ல. அதனாலதான் இத்தனை வருஷமா தொழில் நடக்குது," என்றார் யூக்.

உறைந்த மிளகாயை வாங்குவது சுலபம். வீட்டுக்கு வந்ததும் அது உருக ஆரம்பித்துவிடும் என்பதை ஜேபோங் யோசிக்கவில்லை. மொட்டை மாடியில் போட்டார், தூறல் வந்தது. அள்ளிக்கொண்டு வந்து படிக்கட்டில் பரப்பினார், சிவப்பாகத் தண்ணீர் ஒழுகி வாசல்வரை வந்தது. கடைசியில் படுக்கையறையைக் காலி செய்து தரை முழுக்க மிளகாயைப் பரப்பி, தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாயை முழுச் சூட்டில் திருகிவிட்டார். பாய்லர் மாட்டுவண்டி மாதிரி முனகிக்கொண்டு ஓடியது.

"நாம எங்க படுக்கிறது?" என்றாள் மியோங்ஹீ.

"சமையலறையில."

"மிளகாய்க்கு கதகதன்னு சூடான தரை, எனக்கு சமையலறையா? என்னை விட்டுட்டு மிளகாயையே கட்டியிருக்கலாம் நீங்க. எங்கப்பாவும் சந்தோஷமா மார்க்கெட் விலைக்குக் கொடுத்திருப்பார்."

இன்னொரு சிக்கலும் இருந்தது. எந்தப் பொருள் எந்த நாட்டுடையது என்று கடையில் எழுதிவைப்பது சட்டம். பொய் எழுதினால் அபராதம் தீட்டிவிடுவார்கள். ஜேபோங் பயந்த மனிதர், அதனால் நேர்மையானவர். "மிளகாய்ப்பொடி - சீனா" என்று எழுதி மாட்டினார். குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறினால் எல்லோருக்கும் தெளிவாகத் தெரியும்.

ஆனால் சுவரில் மாமனார் போட்டோ இருந்தது. நெற்றியில் சிவப்புத் துணி, கையில் மிளகாய்க்கூடை. போட்டோவின் மேல் மூலை இரண்டிலும் சாய்வாக எழுத்து. இடது மூலையில் "சொந்த மண்", வலது மூலையில் "மாமனார் தோட்டம்". இரண்டும் இப்போது அபராதத்துக்குரிய பொய்கள். போட்டோவைக் கழற்றினால் மியோங்ஹீ கழுத்தைத் திருகுவாள். அதனால் ஜேபோங் கறுப்பு டேப் எடுத்து இரண்டு மூலையிலும் எழுத்தை மறைத்துச் சாய்வாக ஒட்டினார். நன்றாகத்தான் இருந்தது. எழுத்து துளிகூடத் தெரியவில்லை.

முதலில் காய்ந்ததை அரைத்த பொடியில் முதல் கிம்ச்சி தயாரானது. குவாக் வாயில் போட்டார். ஜேபோங் மேசையைத் துடைக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றார். இத்தனை வருஷமாக இந்த ருசிக்கே வாழ்ந்த மனிதர், ஒரு வாயில் கண்டுபிடித்துவிடுவார்.

குவாக் மென்றார். கண்ணை மூடினார். "மாமனார் மிளகாய்ன்னா மாமனார் மிளகாய்தான்யா!" என்றார். "இந்த ருசி உலகத்துல வேற எந்த மண்ணுல வரும்?"

ஜேபோங்குக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் குழப்பம்தான் வந்தது. தானும் ஒரு துண்டு எடுத்துத் தின்று பார்த்தார். அதே ருசி. அச்சு அசல் அதே ருசி. மண்வாசனை என்று மாமா மணிக்கணக்காகப் பேசுவாரே, அது எங்கே போயிற்று? தன் நாக்கில் கோளாறா, இல்லை மண்ணில் கோளாறா?

அதை யோசித்து முடிப்பதற்குள் மேலே படுக்கையறையில் மீதி மிளகாயும் நன்றாகக் காய்ந்துவிட்டது. காரம் படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தோள் குலுங்க இருமிக்கொண்டு, இருந்தாலும் எழுந்து போகாமல் சாப்பிட்டார்கள். பரிமாறிய ஜேபோங்குக்குக் கண் இரண்டும் கோவைப்பழம்.

எதிர்க்கடை சோக் அக்கா வாசலில் நின்று இதைப் பார்த்தாள். கடை நிறைய அழுகை. முதலாளி வீங்கிய முகம். சுவரில் பெரியவர் படம், மேல் மூலை இரண்டிலும் சாய்வாகக் கறுப்புப் பட்டை. இந்த நாட்டில் இறந்தவர் படத்தில்தான் அப்படிப் பட்டை ஒட்டுவார்கள். அதைப் பார்த்தவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள், உடை மாற்றிக்கொண்டு வருவார்கள். அக்காவும் கறுப்பு உடை மாற்றிக்கொண்டு, வெள்ளை உறையில் துக்கப் பணம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"போட்டின்னு பாத்தா நாம ரெண்டு பேரும் எதிரிங்கதான் தம்பி," என்று அவள் ஜேபோங்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா மனுஷன் போயிட்டா எல்லாம் போச்சு. எப்படி இருந்த மனுஷன்!"

ஜேபோங்குக்கு ஒன்றும் புரியவில்லை. வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. இருமலோடு கண்ணீரும் வந்தது. அதைப் பார்த்து அவளுக்கும் அழுகை வந்தது. காரத்தினாலும் வந்திருக்கலாம். உறையை அவர் சட்டைப்பையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

மதியத்துக்குள் காய்கறிக்கடை, மீன்கடை, சாவி போடுகிறவர் எல்லோரும் உறையோடு வந்து வரிசையில் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். தன் வியாபாரம் படுத்துவிட்டது என்று இரக்கப்பட்டு உதவுகிறார்கள் என்றே ஜேபோங் நினைத்துக்கொண்டார். சந்தைக்காரர்கள் இவ்வளவு நல்லவர்களா என்று ஒவ்வொருவருக்கும் திருப்பிக் குனிந்து வணங்கினார். மீன்கடைக்காரர் கூடுதல் மரியாதையாக மாமனாரின் ஊருக்கே போன் போட்டு, மலர்வளையம் எந்த விலாசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

போனை எடுத்தவர் மாமனார்.

மறுநாள் காலையில் மாமனாரின் பழைய லாரி கடை வாசலில் கிறீச்சிட்டு நின்றது. பான் இறங்கினார். தெருவில் போன சோக் அக்கா கையிலிருந்த வெங்காயக் கூடையை அப்படியே போட்டுவிட்டாள்.

"யாருடா செத்தது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் பான்.

"யாரும் இல்ல மாமா," என்றார் ஜேபோங்.

"அப்போ என் படத்துல எதுக்கு டேப்பு?"

ஜேபோங் படத்தைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு நேற்று முழுதும் நடந்தது விளங்கியது. சட்டைப்பையில் உறைகள் கனத்தன.

"க... கண்ணாடி விரிசல் மாமா. ரெண்டு மூலையிலயும்."

"ஒரே மாதிரி?"

"ஆமா மாமா. ஆச்சரியமா இருந்துச்சு."

பான் முறைத்தார். பிறகு கையை நீட்டினார். "உறையெல்லாம் எங்க?"

"திருப்பிக் கொடுத்துடலாம்னு..."

"என் பேர்ல வந்ததை நீ என்ன திருப்பிக் கொடுக்கிறது? கொண்டா இப்படி."

உறைகளைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். குவாக் ஏமாறலாம், ஊரே ஏமாறலாம். நாற்பது வருஷம் மிளகாயில் ஊறிய நாக்கை எப்படி ஏமாற்றுவது? ஜேபோங் கிம்ச்சித் தட்டை வைக்காமல் சுற்றிச் சுற்றி வந்தார். சூப் வைத்தார், உப்பு வைத்தார், தண்ணீர் வைத்தார்.

"கிம்ச்சி எங்கடா?"

மியோங்ஹீயே கொண்டு வந்து வைத்தாள். பான் ஒரு துண்டை மென்றார். நிறுத்தினார். இன்னொரு துண்டை எடுத்து மென்றார். அவர் கண் பனித்தது.

"மாப்ள."

"மாமா..."

"இதுதான்டா என் மண்ணு!" என்று மேசையைத் தட்டினார். "இதை எந்த சீனாக்காரனாலயாவது குடுக்க முடியுமா?"

ஜேபோங் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள். இந்த உலகத்தில் மிளகாயைப் பற்றித் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்று ஜேபோங்குக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பான் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கொஞ்சம் மேல போய்ப் படுக்கிறேன்."

"முடியாது!" என்று ஜேபோங்கும் மியோங்ஹீயும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"ஏன்?"

"கம்பளி மாமா," என்றார் ஜேபோங். "கம்பளியெல்லாம் துவைச்சுத் தரையில காயப்போட்டிருக்கோம். கால் வைக்க இடமில்ல."

பான் மூக்கைச் சுருக்கினார். படிக்கட்டுப் பக்கம் பார்த்து ஒரு தடவை நன்றாக மூச்சிழுத்தார். "தரையை ரொம்பச் சூடாக்காதே," என்றார். "கறுத்துப் போகும்."

"கம்பளியா மாமா?"

"ம்? ஆமா. கம்பளிதான்."

கம்பளி எப்படிக் கறுக்கும் என்று ஜேபோங் குழம்பி நின்ற வேளையில்தான், யூக்கிடம் இன்னொரு பத்துப் பெட்டி சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. பின்கட்டுக்கு ஓடிப் போன் போட்டார்.

"சார், வண்டியை அனுப்பிடாதீங்க! மாமா கடையில உக்காந்திருக்கார்!"

யூக் தழுதழுத்த குரலில் சொன்னார்: "சந்தையில சொன்னாங்க. மனசைத் தேத்திக்குங்க சார். எனக்கும் என் அப்பா போன புதுசுல அப்படித்தான் தோணும், நாற்காலியில உக்காந்திருக்கிற மாதிரியே. வண்டி எப்பவோ கிளம்பிடுச்சு. நீங்க எதைப் பத்தியும் கவலைப்படாதீங்க."

"சார், நான் சொல்றது..."

அதற்குள் வெளியே குளிர்வண்டி பின்பக்கமாக வந்து நிற்கும் பீப் பீப் சத்தம் கேட்டது.

ஜேபோங் முன்பக்கம் ஓடி வருவதற்குள் முதல் பெட்டி வாசலுக்குள் வந்துவிட்டது. தொப்பி போட்ட டிரைவர் தள்ளுவண்டியில் கொண்டு வந்து இறக்கிக்கொண்டிருந்தான். பெட்டியின் எல்லாப் பக்கமும் சீன எழுத்து, ஒரு பக்கம் பெரிய சிவப்பு மிளகாய்ப் படம். மறைக்க ஒரு துணிகூடக் கையில் கிடைக்கவில்லை.

"விலாசம் தப்பு," என்றார் ஜேபோங்.

"சரியான விலாசம்தான் சார்."

"நான் ஐஸ்கிரீம்தானே சொல்லியிருந்தேன்."

"மிளகாய் சார் இது," என்றான் டிரைவர் கனிவாக. துக்க வீட்டில் பேசுகிற குரலில் பேசினான். அடுத்த பெட்டியை இறக்கினான். அடுத்தது. அடுத்தது. பத்தைத் தாண்டியும் நிற்கவில்லை. பெட்டிகள் மேசைகளுக்கு நடுவே ஏறி, படிக்கட்டை அடைத்து, குளிர்பதனப் பெட்டியை மறைத்தன.

"இவ்வளவு நான் கேக்கலையே!" ஜேபோங்குக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை காரத்தினால் இல்லை. "நான் சொன்னது பத்துதானே! மீதியெல்லாம் யாருடையது?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. ஜேபோங் மாமனார் பக்கம் திரும்பி, மிளகாய்ப் பெட்டிகளுக்கு நடுவே தொப்பென்று மண்டியிட்டார். மியோங்ஹீயும் வந்து பக்கத்தில் மண்டியிட்டாள்.

"மாமா, மன்னிச்சிடுங்க! சீனா மிளகாய்தான். நீங்க இப்ப சாப்பிட்டதும் அதுதான். மேல காயறதும் கம்பளி இல்ல. கிம்ச்சிக்குக் காசு கேக்க முடியல, நூடுல்ஸ் விலையை ஏத்த முடியல, உங்க மிளகாயை வாங்கவும் முடியல. நான் என்ன மாமா பண்ணுவேன்? திட்டுங்க, அடிங்க, பானையைத் தூக்கிட்டுப் போன்னு சொல்லுங்க, போயிடறேன்!"

பான் வண்டிச் சத்தம் கேட்ட நிமிஷத்திலேயே மேசையிலிருந்த விலைப்பட்டியல் அட்டையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டவர்தான், இன்னும் இறக்கவில்லை. அட்டை தலைகீழாக இருந்தது. அட்டை நடுங்கியது. இவ்வளவு கோபத்தில் மாமாவை ஜேபோங் பார்த்ததே இல்லை.

"அப்பா, ஏதாவது பேசுங்கப்பா," என்று மியோங்ஹீ விசும்பினாள்.

கடைசிப் பெட்டியை இறக்கிவிட்டு, கையெழுத்து வாங்கக் காகிதத்தோடு வந்த டிரைவர், அட்டைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த காதைப் பார்த்தான். குனிந்து அட்டைக்கு அடியில் எட்டிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். அவன் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அட, பான் ஐயா! உயிரோடதான் இருக்கீங்களா? நீங்க போயிட்டீங்கன்னு கேள்விப்பட்டு, வருஷா வருஷம் உங்க வீட்டுல இறக்குற பெட்டி எல்லாத்தையும் மேனேஜர் உங்க மருமகன் கடைக்கே ஏத்தி விட்டுட்டாரே!"